மழை, மண், தகரம்: மலையகத்து வீட்டு வேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து தனி வீட்டுக்கு மாறியவர்கள், கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பியவர்கள், சொந்தக்காரர்கள் என்று ஆளாளுக்குப் போனில் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கூரை, கான் (தண்ணீர் ஓடுகிற வடிகால்), தோட்டம், அடுப்பங்கரை எல்லாம் கலந்துதான் கிடக்கும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை மழையை மனதில் வைத்து எழுதியது. பதுளை, அப்புத்தளை என்று ஊவாப் பக்கத்து ஆட்களுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

7 பேர்ச்சஸ் (ஏறக்குறைய 1,900 சதுர அடி) காணியில் புது வீடு கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்வது? தோட்டமா, மதிலா, பின்பக்கம் குசினி இறக்குவதா?

மூன்றும் இல்லை. நல்ல மழை ஒன்று பெய்யட்டும். குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, மேல்பக்கத்திலிருந்து தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, சுவரோரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். தேங்குகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், வெயிலடித்ததும் மறந்துவிடும். மலையில் வீட்டு வேலை என்றாலே பாதி வேலை தண்ணீருக்கு வழி சொல்லிக் கொடுப்பதுதான். பூசிய சுவர் உரிவது, அலுமாரிக்குள் பூஞ்சணம், கரட் அழுகுவது, முற்றம் சரிவது எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தால் கடைசியில் எங்கேயோ ஒரு கான் சரியில்லை என்று வந்து நிற்கும்.

வீட்டின் மேல்பக்கம், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கான் வேண்டும், முடிந்தால் சீமெந்து போட்டது. அது இரண்டு பக்கமும் சுற்றி வந்து தண்ணீரை ஒழுங்கான ஒரு வாய்க்காலில் விட வேண்டும். கீழ் வீட்டுக்காரரின் மேட்டில் விட்டால் தண்ணீரோடு சண்டையும் சேர்ந்து வரும். கூரைத் தண்ணீருக்கும் இதே பேச்சுத்தான். கூரையோரம் பீலி போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், அந்தப் பீலியின் வாய் எங்கே கொட்டுகிறது என்று பார்ப்பதில்லை.

தோட்டத்துக்குள் வெட்டுகிற கானுக்குக் கணக்கு வேறு. தேயிலை மலையில் பழைய கான்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: சரிவுக்குக் குறுக்காக, மெல்லச் சாயும்படி வெட்டி, உள்ளே இடையிடையே மண் தடுப்பு விட்டிருப்பார்கள். ஒரு குழி நிறைந்த பிறகு தண்ணீர் தடுப்பின் மேலாக அடுத்த குழிக்கு வழியும், அடித்து வந்த மண் குழியின் அடியில் தங்கிவிடும். தங்கிய மண்ணை அள்ளி மறுபடி மேலே போட வேண்டும். கான் வெட்டு கொந்தரப்பில் (ஒப்பந்த வேலையில்) முதுகு ஒடிந்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஒரு பிளேன்டீக்கு முழுப் பாடமும் கிடைக்கும்.

இடம் பத்தவில்லை. பின்னால் இருக்கிற மேட்டை வெட்டிச் சமப்படுத்தலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் இளகிப் பேசுவதில்லை. செங்குத்தாக வெட்டி, மதிலும் கட்டாமல், தண்ணீருக்கு வழியும் விடாமல் இருந்தால் அடுத்த பெருமழையில் மேடு உங்கள் குசினிக்குள்தான் வரும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்பார்கள். அதை ஒரு தொல்லை என்று நினைக்காமல், அவர்கள் வந்து பார்க்கும்போது மேட்டையும் காட்டிக் கேளுங்கள்.

ஏற்கனவே வெட்டியாகிவிட்டது என்றால், மதில் கட்டும்போது தண்ணீர் வெளியேற இடையிடையே குழாய்த் துண்டு வைக்கச் சொல்லுங்கள், மதிலுக்குப் பின்னால் மண்ணை நேரே அடைக்காமல் கல்லும் சல்லியும் போடச் சொல்லுங்கள். மண்ணைவிட, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீரின் பாரம்தான் மதிலைத் தள்ளும். மேல் விளிம்பில் வெட்டிவேர் வரிசையாக நடுங்கள், வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். வாழை நடாதீர்கள், வேர் மேலோட்டமாக ஓடுகிற, தண்ணீர் பாரமுள்ள மரம் அது.

மழை எவ்வளவு பெய்தது என்று வீட்டிலேயே அளக்க முடியுமா? அளந்து என்ன பயன்?

முடியும், காசும் வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிற நேரான டின் ஒன்று போதும். பால்மா டின் சரியாக இருக்கும். கூரை, மரம் எதுவும் சொட்டாத இடத்தில், சாயாமல், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு உள்ளே அடிமட்டம் விட்டுப் பாருங்கள், எத்தனை மில்லிமீற்றர் ஈரமோ அத்தனை மில்லிமீற்றர் மழை. அப்பியாசக் கொப்பியில் தேதி போட்டு எழுதிவிட்டு டின்னைக் கவிழ்த்துவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த வேலையை அவர்களிடம் விட்டால் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

பயன் என்னவென்றால், மண்சரிவு எச்சரிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டிவிட்டால், அபாய இடத்தில் இருப்பவர்கள் கிளம்பிவிட வேண்டும். வானொலியில் சொல்வது மாவட்டம் முழுவதற்கும். நம்முடைய ஓடையின் தலைக்கு மேலே என்ன பெய்தது என்பதை நம்முடைய டின்தான் சொல்லும். மஸ்கெலியாவில் கொட்டுகிற நேரம் கொட்டகலையில் வெயிலடிப்பதை நாம் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்.

டின்னை மட்டும் நம்பவும் வேண்டாம். நிலத்தில் புது வெடிப்பு, மரமோ கரண்ட் கம்பமோ திடீரென்று சாய்வது, மூடிக்கொண்டிருந்த கதவு மூடாமல் போவது, மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் கலங்கி வருவது அல்லது ஒரேயடியாக நின்றுபோவது, இதில் ஒன்றைக் கண்டாலும் மழைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆட்களை எழுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதே, அந்த இடத்துக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதைக் கேட்க வேண்டிய ஆட்கள் வேறு.

தகரம் ஒழுகுகிறது. தார் பூசியும் நிற்கவில்லை, ஏன்?

உள்ளே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்துப் பூசியிருப்பீர்கள். தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கி, தகரத்தின் அடியை ஒட்டியே சரிவில் ஓடி, குறுக்குச் சட்டத்தில் மோதிய இடத்தில்தான் சொட்டும். அதனால் சொட்டுகிற இடத்திலிருந்து மேல் நோக்கித் தேடிப் போக வேண்டும். பகலில் வீட்டுக்குள் எல்லா ஜன்னலையும் மூடி இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள், ஆணி ஓட்டைகள் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு ஈர்க்குச்சியைச் செருகிவிட்டு, பிறகு மேலே ஏறினால் எல்லாம் கையோடு அகப்படும்.

இன்னொரு காரணம், ஆணி அடித்த இடம். தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற பாதையிலேயே ஓட்டை போட்ட மாதிரி. பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் அடிக்காமல், ரப்பர் வொஷரோடு திருகாணி போடுங்கள், பழைய ஓட்டையை அடைத்துவிடுங்கள். தகரத்துக்குத் தகரம் மேல் கீழாக ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும், காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைக்கு அதுவும் சில நேரம் காணாது. ஈரத் தகரத்தில் தார் ஒட்டாது என்பதால் பூசுவதை வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது சட்டம் இருக்கிற ஆணி வரிசையின் மேலேயே காலை வையுங்கள். தனியாக ஏறாதீர்கள்.

அப்புத்தளை, ஹல்துமுல்லை பக்கத்தில் ஒழுக்கைவிடக் காற்றுத்தான் பெரிய எதிரி. டயர், மண் மூட்டை ஏற்றி வைப்பது பழைய வழக்கம். சட்டத்தையே சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டிவிடுவது அதைவிட உறுதி.

அஸ்பெஸ்டஸ் ஷீட்டை வெட்டலாமா?

பழைய ஷீட்டாக இருந்தால் வெட்டுவது, துளைப்பது, உரசிக் கழுவுவது எதுவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்குப் போடுவதையும் நிறுத்துங்கள்.

சுவரிலும் அலுமாரிக்குள்ளும் பூஞ்சணம். பெயின்ட் அடித்தால் மூன்று மாதத்தில் மறுபடி வருகிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெயின்ட் அடிப்பது பெயின்ட் கடைக்காரருக்கு மட்டும்தான் நல்லது. சுவரின் அடிப்பக்கத்தில் ஒன்றிரண்டு அடி உயரத்துக்கு உப்புப் பூத்து உரிந்தால் அது நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம், வெளியே சுவரோரத்து மண்ணை உள்தரை மட்டத்துக்குக் கீழே இறக்கிக் கானைச் சரி செய்யாமல் அது நிற்காது. மேல் மூலையிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பிடித்தால் அது நாமே உள்ளே உண்டாக்குகிற நீராவி: சமைப்பது, வெந்நீர் காய்ச்சுவது, உள்ளே துணி காயப்போடுவது, ஐந்தாறு பேர் ஒரே காம்பராவில் மூச்சு விடுவது. குளிர்ந்த சுவரில் அது படிந்து தண்ணீராகிறது.

நம் ஆட்கள் குளிருக்குப் பயந்து நாள் முழுக்க ஜன்னலை அடைத்து வைப்பார்கள். மழை விட்டு வெளிச்சம் வருகிற மதிய நேரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னலை அரை மணித்தியாலம் திறந்தாலே பெரிய மாற்றம் தெரியும். மூடுபனி இறங்குவதற்கு முன் மூடிவிடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள், அடியில் கட்டை கொடுங்கள். பிடித்த பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடையுங்கள், காய்ந்த தும்புத்தடியால் தட்டினால் வீடு முழுக்கப் பரவும். ப்ளீச் போடுகிறவர்கள் அதோடு வினாகிரியையோ வேறு கழுவும் மருந்தையோ கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். உள்ளே சுண்ணாம்பு அடிப்பது பழைய காலத்து வேலை என்று சிரிப்பார்கள், ஆனால் ஈரச் சுவருக்கு அதுதான் ஏற்றது. சுவர் மூச்சு விடும், உரிந்தாலும் கொஞ்சச் செலவில் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

ஜூன், ஜூலையில் துணி காய்வதே இல்லை. என்ன செய்கிறீர்கள்?

வீட்டு முன் இஸ்தோப்பில் (தாழ்வாரத்தில்) கொடி கட்டி, துணிக்குத் துணி இடைவெளி விட்டு, காற்றில் காயப்போடுகிறோம். கனமான துணியைக் காய்ந்த துவாய்க்குள் வைத்துச் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் அதிலேயே போய்விடும். அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் காயும், ஆனால் மிலாறு (விறகாக எரிக்கிற தேயிலைக் கிளை) புகை வாசம் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஏறிவிடும், பிள்ளைகள் அதற்காக வகுப்பில் கூசுவார்கள். பள்ளிச் சட்டைக்கு மட்டும் உலர்ந்த இடத்தை ஒதுக்குங்கள், மற்றதெல்லாம் புகையோடு காயட்டும்.

கோவா (முட்டைக்கோஸ்) நன்றாக வளர்ந்து திடீரென்று வாடுகிறது. பிடுங்கினால் வேர் வீங்கி முண்டு முண்டாக இருக்கிறது.

வேர்முண்டு நோய். கோவா, நோக்கோல், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் எல்லாவற்றுக்கும் வரும், மண்ணுக்குள் பல வருஷம் கிடக்கும். புளிப்பு மண்ணும் ஈரமும் அதற்கு மிகவும் பிடிக்கும். தேயிலை நின்ற மண் புளித்த மண்தான், தேயிலைக்கு அது வேண்டும், மரக்கறிக்கு வேண்டாம். அதனால்தான் புளிப்பைக் குறைக்கிற டொலமைட் (சுண்ணாம்பு வகைத் தூள்) போடச் சொல்கிறோம். சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் தூவி, மண் கொத்துகிற முள்ளுக் கருவியால் கிளறி, இரண்டு மூன்று கிழமை விட்டு நடுங்கள். யூரியாவோடும் பச்சைக் கோழி எருவோடும் ஒரே நாளில் கலக்காதீர்கள், உரத்தின் சத்து வாயுவாகப் பறந்துவிடும். முண்டு பிடித்த செடியைப் பசளைக் குழியில் போடாமல் எரியுங்கள். அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று வருஷமாவது போஞ்சி, லீக்ஸ், கரட் என்று மாற்றிக்கொண்டு வாருங்கள். பாத்தியில் வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோனால் நோயையும் சேர்த்துக் கொண்டுபோகிறீர்கள்.

விதை போட எந்த மாதம் நல்லது?

எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் என்பதால், கீரை, நோக்கோல் மாதிரி சின்னச் சின்ன வேலையைத் தவிரப் பெரிய நடவை அந்த மழை குறைந்த பிறகு வைத்துக்கொள்வோம். பதுளை, பண்டாரவளை பக்கம் தலைகீழ்: எங்களுக்குக் கொட்டுகிற ஜூன், ஜூலையில் அங்கே வறண்ட கச்சான் காற்றடித்து நிலம் வெடிக்கும், மழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. அப்புத்தளையில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சிக்கு நான் இங்கிருந்து நாள் குறித்துச் சொன்னால் வேலைக்கு ஆகாது. நுவரெலியாக்காரர்கள் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனியைக் கவனிக்க வேண்டும். போஞ்சியும் உருளைக்கிழங்கும் ஒரே இரவில் கருகிப்போகும், பழைய சாக்கால் மூடிவிட்டுப் படுங்கள்.

கரட் இரண்டு கால், மூன்று காலாக வருகிறது.

கல், கட்டி மண், மட்காத எரு, நாற்றுப் பிடுங்கி நட்டது, இந்த நான்கில் ஒன்று. ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திக் கல்லைப் பொறுக்கி, நேரடியாக விதையுங்கள். முளைக்க இரண்டு கிழமை வரை ஆகலாம், மூன்றாம் நாளே கிளறிப் பார்க்காதீர்கள். முளைத்த பிறகு நெருக்கமானதைப் பிடுங்கி இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். பிடுங்க மனம் வராதவர்களுக்கு விரல் மாதிரி கரட்தான் கிடைக்கும்.

தக்காளி இலை கறுத்துக் கருகுகிறது. என்ன மருந்து?

மருந்துக்கு முன்னால் கூரை. மூடுபனியும் குளிரும் சேர்ந்து இலை மணிக்கணக்கில் நனைந்தே கிடந்தால் பின் வெளிறல் நோய் வரும், உருளைக்கிழங்குக்கும் அதே நோய்தான். நான்கு கம்பு நட்டு மேலே வெள்ளைப் பொலித்தீன் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி, கீழ் இலைகளைக் கிள்ளிவிடுவது, தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றுவது, இவ்வளவு செய்தால் தெளிக்கிற மருந்து பாதியாகக் குறையும். கருகிய செடியைப் பக்கத்துப் பாத்தியில் போட்டு வைக்காதீர்கள். இதெல்லாம் தொல்லை என்றால் மரத்தக்காளி ஒன்று நடுங்கள், குளிரைத் தாங்கிக் காய்க்கும், சம்பலுக்கு அருமை.

வீட்டுப் பசளை மட்காமல் நாறுகிறது.

மேலே மூடவில்லை, மழை நனைத்துக் காற்றைப் போக விடாமல் செய்கிறது. குவியலைப் பலகைக்கோ தகரத்துக்கோ அடியில் போடுங்கள், குறைந்தது மூன்றடி உயரம், மூன்றடி அகலம் இருந்தால்தான் குளிரிலும் உள்ளே சூடு பிடிக்கும். மரக்கறித் தோலும் மாட்டுச் சாணமும் மட்டும் போட்டால் சேறாகும், காய்ந்த இலை, புல், மரத்தூள் அதைவிடக் கூடுதலாக வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு முறை புரட்டுங்கள். கீழ்நாட்டில் இரண்டு மூன்று மாதத்தில் முடிவது இங்கே நாலைந்து மாதம் இழுக்கும், அவ்வளவுதான். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அப்போது எங்கள் பக்கம் எல்லாரும் பசளை கிளறினார்கள். அதே வருஷக் கடைசியில் தடை நீங்கியதும் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். விடாதவர்களின் மண்ணை இப்போது கையில் எடுத்துப் பாருங்கள், கறுத்துப் பொலபொலவென்று இருக்கும். அதற்காக வெறும் பசளையை நம்பி கோவா வியாபாரம் செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டுப் பாத்திக்கு அது தாராளம்.

காட்டுப்பன்றி எல்லாவற்றையும் கிளறிவிட்டுப் போகிறது. சுருக்கு வைக்கலாமா?

வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. சட்டப்படியும் குற்றம். கொழுந்து எடுக்கிற பெண்கள், வீட்டு நாய் எல்லாரும் நடக்கிற பாதை அது என்பதையும் மறக்காதீர்கள். பழைய தகரத்தை ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கி வேலி கட்டுங்கள். கிழங்கு வகையை வீட்டுக்கு நெருக்கமாகவும், பன்றி அவ்வளவாகத் தொடாத மிளகாயை ஓரத்திலும் வையுங்கள். சமையல் கழிவை வேலிக்கு வெளியே கொட்டுவது விருந்துக்கு அழைப்பு அனுப்புவதுதான். இரவில் நாயை வெளியே கட்டாதீர்கள், சிறுத்தை நாய்க்காகத்தான் லயம் வரைக்கும் வருகிறது.

அட்டை கடிக்காமல் இருக்க என்ன பூசுவது?

கால் மேசில் (காலுறையில்) காய்ந்த சவர்க்காரத்தைத் தேயுங்கள். ஏறிவிட்டால் உப்பு, அல்லது நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள். கடித்த இடத்தைக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

தோசை மாவு புளிக்கவில்லை, பருப்பும் வேகவில்லை. கொழும்பில் எல்லாம் சரியாக வந்தது!

கொழும்பையும் நுவரெலியாவையும் ஒன்றாக வைக்க முடியாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், 300 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 1 பாகை குறையும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடேறாது. பருப்பு, கடலையை ஊற வைத்து, பிரஷர் குக்கரில் போடுங்கள், விறகும் மிச்சம்.

மாவுக்குச் சூடு வேண்டும். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், அகன்ற சட்டியில் வெந்நீர் ஊற்றி அதற்குள் மாவுப் பானையை இறக்கி, பழைய கம்பளியால் சுற்றி, அடுப்பு அணைந்த பிறகு அடுப்பு மேட்டிலேயே வையுங்கள். அப்படியும் ராத்திரி அரைத்துக் காலையில் சுடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் அம்மாயி முதல் நாள் மத்தியானமே அரைத்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமைத் தோசைக்குச் சனிக்கிழமை மத்தியானம். பழைய புளித்த மாவில் ஒரு கரண்டி கலப்பார். மற்ற நாளெல்லாம் ரொட்டியும் சம்பலும்தான், அதற்குப் புளிப்பும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

வீட்டிலேயே தேயிலை செய்ய முடியுமா? பொழுதுபோக்காகக் கேட்கிறேன்.

முடியும். எஸ்டேட் தேயிலைக் கொழுந்தில் கை வைக்காதீர்கள், வேலியில் நிற்கிற உங்கள் சொந்தச் செடியில் கிள்ளுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும். நிழலில் மெல்லப் பரப்பி ராத்திரி முழுக்க வாட விடுங்கள், மடித்தால் ஒடியாமல் வளைகிற பதம். பிறகு பலகையில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் சாறு வெளியே வந்து கை ஒட்டும் வரைக்கும் உருட்டுங்கள், இருபது நிமிஷத்தில் கை வலித்துவிடும். ஈரத் துணியால் மூடி இரண்டு மணித்தியாலம் வைத்தால் பச்சை மாறிச் செப்பு நிறம் வரும், பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும். அந்த நேரத்தைத் தவற விடாமல் இரும்புச் சட்டியில், மிகச் சின்ன நெருப்பில், கையால் கிளறிக்கொண்டே மொறுமொறுப்பாகும் வரை வறுங்கள். ஒரு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் தேறும்.

பக்டரித் தூள் மாதிரி சாயம் இறங்காது, பால் ஊற்றினால் காணாமல் போய்விடும். வெறும் தேத்தண்ணியாகக் குடியுங்கள். இலங்கையில் வியாபாரத்துக்குத் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த காலத்திலும் தன் பங்களா இஸ்தோப்பில் கையால்தான் உருட்டினார் என்பார்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்த எத்தனையோ பேர் தங்கள் கையால் ஒரு கோப்பைத் தூள் செய்து பார்த்ததே இல்லை. அதற்காகவே இந்த வேலையை எனக்குப் பிடிக்கும், செலவுக் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதே லாபம்.

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டு வந்து இத்தனையும் செய்ய நேரம் ஏது?

கேட்பது பெரும்பாலும் பெண்கள், அதனால் பதிலைக் கூட இருக்கிற ஆண்களுக்குச் சொல்கிறேன். நாள் முழுக்கக் கூடை சுமந்து வருகிறவரிடம் பாத்தியையும் கொடுத்துவிட்டு லயத்து முனையில் கதை பேசிக்கொண்டிருக்க வேண்டாம். கான் வாருவது, தகரம் பார்ப்பது, பசளை புரட்டுவது எல்லாம் உங்கள் கணக்கு. காலையில் பல் துலக்கிக்கொண்டே கானோரம் ஒரு சுற்று நடந்து அடைத்திருக்கிற இலையைக் காலால் தள்ளிவிடுவது, டின்னைப் பார்ப்பது, இதற்குப் பத்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை, ஒன்றே ஒன்று. ஒரே நாளில் கூரை, வேலி, பாத்தி என்று தொடங்குகிறவர்கள் மத்தியானத்தோடு எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடிக்கலாமா? நுளம்பு வராதா?

பிடியுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் பெய்தால் 1 லீற்றர். 20 அடிக்குப் 10 அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 900 லீற்றருக்கு மேல் ஓடி வீணாகிறது. வெயிலுக்குப் பின் வருகிற முதல் மழையின் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள், தகரத்து அழுக்கு அதில்தான் இருக்கும். பாத்திக்கும் கழுவுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம். பீப்பா வாயில் நுளம்பு வலையை இறுக்கிக் கட்டுங்கள், கிழமைக்கு ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு நுளம்பு முட்டை ஒட்டுவது அந்தச் சுவரில்தான்.

டொலமைட், நல்ல விதை எல்லாம் எங்கே வாங்குவது?

முதலில் உங்கள் பக்கத்துக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், மண் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். கடையில் விதை வாங்கினால் பக்கெட்டில் காலாவதித் தேதி, முளைப்பு வீதம் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். லீக்ஸ் விதையைத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள், ஒரு வருஷம் தாண்டினால் முளைப்பு நன்றாகக் குறைந்துவிடும். போஞ்சிக்கு, நோயில்லாத கொடியில் நன்றாக முற்றிக் காய்ந்த காயைப் பறித்து, மூடி இறுகிய போத்தலில் போட்டு வைத்தால் அடுத்த நடவுக்குக் காசு தேவையில்லை.